யூதாஸுக்கு அடித்த மணி

அந்தத் தபசு காலத்தின் தொடக்கத்தில் பிரிஜிட்டுக்குக் கால் தரையில் பாவவில்லை. காரணம் தோட்டம் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களையும் அவளே கூப்பிட்டு நிறுத்திச் சொல்லியிருந்தாள். அவள் புருஷன் அந்தோணிராஜ், கித்தா என்கிற ரப்பர் மரம் சீவுகிறவன், இந்த வருடம் பெரிய வெள்ளி நாடகத்தில் சேசுநாதராக நிற்கப் போகிறான்.

மலாக்கா பக்கத்து ரெம்பியாவிலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால் இரட்டைப் பாலத் தோட்டம் வரும். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயரும் உண்டு, அது ஆபீஸில் கணக்கெழுதும் கிராணிமார் வாயில் மட்டும்தான் நுழையும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், வீடுகள் கொஞ்சம்தான். ஆனால் நாடகம் எல்லாருடையது. முன்னொரு காலத்தில் மலைக்காய்ச்சல் லயம் லயமாக ஆளைத் தூக்கிக்கொண்டு போனபோது, காய்ச்சல் நின்றால் வருடந்தோறும் ஆண்டவர் பாடுகளை நடித்துக் காட்டுகிறோம் என்று அந்தோணியார் கோயில் முற்றத்தில் நேர்ந்துகொண்டார்கள். காய்ச்சல் நின்றது. அன்றிலிருந்து ஜப்பான்காரன் காலத்தில்கூட நாடகம் நிற்கவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரியே முன்வரிசையில் பாய் விரித்து இடம் பிடிப்பார்.

அதில் ஒரு வழக்கம். யூதாஸ் வேஷம் கட்டுகிறவன் மஞ்சள் அங்கி போட வேண்டும். நாடகம் முடிந்ததும் அவனோடு யாரும் பேசக் கூடாது. சனிக்கிழமை மத்தியானம் உயிர்ப்பு மணி அடித்த பிறகுதான் பேச்சு. முதலில் பேசுகிற வீட்டுக்காரர் அவனுக்குக் காப்பி கொடுக்க வேண்டும், பிறகு மற்ற வீடுகளிலிருந்தும் காப்பி வரும். பல வருடமாக யூதாஸ் சவரிமுத்துதான். அந்த ஒரு நாள் முழுக்க அவர் வாசல் வாசலாகப் போய்க் கோணங்கித்தனம் செய்து ஆட்களைப் பேச வைக்கப் பார்ப்பார். சிரிப்பை அடக்க முடியாமல் பெண்கள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு உள்ளே ஓடுவார்கள். மணி அடித்ததும் அவருக்குக் கிடைக்கிற காப்பியில் ஒரு வாளி நிரம்பும்.

அந்தோணிராஜ் இதுவரை கூட்டத்தில் நிற்கிற வேஷம்தான் கட்டியிருந்தான். ஒரு வருடம் பிலாத்துவுக்குத் தண்ணீர் ஊற்றினான். இந்த வருடம், கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் அவனை அழைத்து ஆண்டவர் வேஷத்தைக் கொடுத்தார். பிரிஜிட் மலாக்கா டவுனிலிருந்து வெள்ளைத் துணி வரவழைத்து, கைத்தையலாக அங்கி தைக்க உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர்க் குழாயடியில் மற்றப் பெண்கள், "ஆண்டவர் பொண்டாட்டி வருது, வழி விடுங்க லா" என்று கிண்டல் செய்தார்கள். ஆண்டவருக்குப் பெண்டாட்டி ஏது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் அந்தக் கிண்டல் அவளுக்கு இனித்தது.

அது ஐம்பத்திரண்டாம் வருடம், அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. கதவில் துப்பாக்கியோடு காவல். மரம் சீவப் போகிறவன் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்ச் சேர்ந்துவிடுமாம். பசித்த வயிற்றோடு போய்ப் பசித்த வயிற்றோடு வந்தார்கள்.

விபூதிப் புதன் கழிந்து சில நாளில் லோரிகளில் பட்டாளம் வந்து இறங்கியது. ஆண்களையெல்லாம், காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு லோரிக்குள் கோணிப்பையைத் தலையோடு கவிழ்த்துக்கொண்டு, கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்து, ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். கோணிப்பை ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். தனபாலன் போய் நின்றபோது அது ஆடியது.

தனபாலன் தொழிலாளர் சங்கத்தில் பேசுகிற பையன். கூலி பற்றித் துரையிடமே நேராகக் கேட்பவன். அது தவிர அவனிடம் ஒரு குற்றமும் கிடையாது. அவனைத் தூக்கி லோரியில் போட்டுக் கொண்டுபோனார்கள், எங்கோ தடுப்பு முகாமில் என்று செய்தி வந்தது. அவன் மனைவி கோமளா இடுப்பில் கைப்பிள்ளையோடு லோரிக்குப் பின்னால் வேலிக் கதவு வரைக்கும் ஓடினாள்.

தலையாட்டியது யார்? அன்றிலிருந்து தோட்டத்தில் வேறு பேச்சு இல்லை. அன்று வரிசையில் நிற்காதவர்கள் சிலர்தான். சவரிமுத்து கால் வீக்கத்தைக் காட்ட அலோர் காஜா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அந்தோணிராஜ் ஆண்டவர் வேஷத்துக்கு முள்முடியும் தலைமுடியும் இரவல் வாங்க மலாக்கா டவுன் கோயிலுக்குப் போயிருந்தான். அவன் போன விஷயத்தை முதல் நாளே குழாயடியில் முழங்கியது பிரிஜிட்தான்.

அடுத்த ஞாயிறு செபம் முடிந்து வேஷங்களை உறுதி செய்தபோது, சவரிமுத்து தரையைப் பார்த்தபடி, "எனக்குக் கால் முடியல உபதேசியாரே, இந்த வருசம் வேற ஆளப் பாருங்க" என்றார். உபதேசியார் வேறு ஆளைப் பார்த்தார். பார்த்த பக்கமெல்லாம் தலைகள் குனிந்தன. யாருக்குத்தான் துணிச்சல் வரும்? ஆளைக் காட்டிக் கொடுத்தவன் யாரென்று தோட்டமே பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போது, காட்டிக் கொடுத்தவன் வேஷத்தை எவன் கட்டுவான்? யூதாஸை விட்டுவிட்டு நடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அப்படியானால் ஆண்டவரை யார் பிடித்துக் கொடுப்பது, அவராகவே நடந்து போய்ச் சிலுவையில் ஏறிக்கொள்வாரா என்று உபதேசியார் சீறினார். நேர்த்திக்கடன் நின்றுபோகும் என்ற பயம் எல்லார் முகத்திலும் இருந்தது. இருந்தும் யாரும் அசையவில்லை.

அந்தோணிராஜ் எழுந்தான். "நான் கட்டிக்கிறேன். வெள்ளை அங்கிய வேற யாருக்காச்சும் குடுங்க."

பெண்கள் பக்கத்தில் இருந்த பிரிஜிட் விருட்டென்று எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததுமே அவள் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்குக் கிறுக்கு புடிச்சிருச்சா? எத்தனை வருசமா ஆசப்பட்ட வேஷம்! வாய மூடிட்டு உக்காந்திருந்தா யார் உங்கள அடிக்கப் போறாங்க?"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். "அந்த வேஷம் கிடைச்சதிலேருந்து தினமும் மண்டி போட்டு, 'ஆண்டவரே, உமக்கு என்னா வேணுமோ என்கிட்ட கேளும்'னு செபம் பண்ணினேன். இன்னிக்குக் கேட்டுட்டாரு பிரிஜிட். கேட்டப்பறம், இது வேணாம், அதுதான் வேணும்னு சொன்னா, அது என்னா செபம்?"

"உபதேசியார்தானே கேட்டாரு? ஆண்டவரா வந்து கேட்டாரு?"

"எனக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு."

இப்படிப்பட்டவனோடு எப்படிச் சண்டை போடுவது? அவள் கத்தினால் அவனும் திருப்பிக் கத்த வேண்டும், அதுதானே முறை! பிரிஜிட் இரண்டு நாள் சட்டி பானையோடு சண்டை போட்டாள். ஆண்டவர் வேஷம் ஸ்டோர் கிராணி யூஜினுக்குப் போனது. நல்ல மனிதர்தான், ஆனால் தொப்பை. வெள்ளை அங்கி அவருக்குப் பற்றவில்லை. பக்கவாட்டில் பிரித்து ஒட்டுத்துணி வைக்கச் சொல்லி அதைப் பிரிஜிட்டிடமே கொண்டுவந்து கொடுத்தார். ஊசி ஒவ்வொரு முறை இறங்கும்போதும் அவள் என்ன முணுமுணுத்தாள் என்பதை இங்கே எழுத முடியாது.

பெரிய வெள்ளி மாலை, ஊரடங்குக்கு முன்னால் முடித்துவிட வேண்டும் என்று வெயிலிலேயே நாடகம் தொடங்கியது. தோட்டமே கோயில் முற்றத்தில் இருந்தது. மற்ற வருடங்களில் மஞ்சள் அங்கியைக் கண்டதும் சிரிப்பும் விசிலும் பறக்கும். இந்த வருடம் அந்தோணிராஜ் வந்து நின்றபோது மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. அவன் யூஜினின் கன்னத்தில் முத்தம் கொடுத்தான். ஆண்டவரைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். யூதாஸ் பணப்பையை வீசிவிட்டு, மண்டியிட்டு, "குற்றமில்லாதவனைக் காட்டிக் கொடுத்துவிட்டேன்" என்று அழ வேண்டும். சவரிமுத்து அதை மூக்கைச் சிந்திச் சிந்திச் செய்வார், கூட்டம் உருளும். அந்தோணிராஜுக்கு அப்படிச் செய்யத் தெரியாது. அவன் தனபாலனை நினைத்துக்கொண்டான்போல. உண்மையாகவே அழுதான்.

கோமளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். குனிந்து இரண்டு கை நிறைய மண்ணை வாரினாள். "என் புருசனக் காட்டிக் குடுத்தவன் குடும்பம் வெளங்காமப் போகட்டும்!" என்று அவன் தலையில் தூற்றினாள்.

வயிறெரிந்தவள் மண்ணை வாரித் தூற்றினால் அது லேசில் போகாது என்று நம்புகிற ஜனம். பிரிஜிட் பதறி எழுந்தாள். அந்தோணிராஜ் தலையைத் தட்டிக்கொள்ளவில்லை, முகத்தையும் துடைத்துக்கொள்ளவில்லை. நாடகம் முடிகிறவரை அந்த மண்ணோடேயே மண்டியிட்டிருந்தான். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பிரிஜிட்டுக்குக் கோபம் போன இடம் தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் உபதேசியார் உயிர்ப்பு மணியை அடித்தார். பிரிஜிட் வாசல் பெருக்கி, பெரிய வாளியை வைத்து, தன் பங்குக்கு ஒரு செம்பு காப்பியும் போட்டு வைத்திருந்தாள். யாரும் வரவில்லை. அந்தோணிராஜ் எழுந்து லயத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நடந்தான். எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திண்டாடிப் போன உபதேசியார் மணியை இன்னொரு முறை அடித்துப் பார்த்தார். காப்பி ஆறிப் போனது, அவள் அதை வாழை மரத்தடியில் கொட்டினாள்.

அதன் பிறகு அந்த மௌனம் கலையவே இல்லை. காலைப் பெரட்டில் அவனுக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாக இருந்தது. குழாயடியில் பிரிஜிட்டின் குடம் வந்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. ஜனங்களின் கணக்கு இதுதான்: அன்று வரிசையில் இல்லாதவன், கிடைத்த ஆண்டவர் வேஷத்தைத் தானாகவே விட்டுக்கொடுத்தான், நடிப்பாக இருந்தால் அப்படி அழ முடியுமா? மனசு குத்தித்தான் யூதாஸ் வேஷத்தைக் கேட்டு வாங்கியிருக்கிறான். ஒருவன் தாழ்ந்து போனால் அதற்குள் ஒரு தப்பு இருந்தே தீரும் என்று நினைக்கிற புத்தியை என்னவென்று சொல்வது! அவனை அறிந்தவர்களே அப்படி நினைத்தார்கள்.

விஷயம் முகத்தைத் திருப்புவதோடு நிற்கவில்லை. காட்டுக்காரர்கள் காதுவரைக்கும் அவன் பேர் போய்விட்டதாக ஒரு பேச்சு கிளம்பியது. பக்கத்துத் தோட்டத்தில் அப்படிப் பேர் போன ஒருவனை மரத்தில் கட்டி வைத்துக் கொன்றிருந்தார்கள். அந்தோணிராஜ் தினமும் தனியாக அந்தக் கித்தா காட்டுக்குள்தான் மரம் சீவப் போனான். அவன் திரும்பி வருகிறவரை பிரிஜிட் வேலிக் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

"கடலோரம் உம்பாய்க்குப் போயிருவோம். என் அண்ணன் மீன் வியாபாரத்துக்கு ஆள் தேடுது" என்று கெஞ்சினாள்.

"ஓடினா, நான்தான்னு ஆயிரும்."

கடைசியில் உபதேசியாரே வீட்டுக்கு வந்தார். "அந்தோணி, வர்ற ஞாயித்துக்கெழம சாமியார் பூசைக்கு வர்றாரு. எல்லாருக்கும் முன்னாடி பாடுபட்ட சுரூபத்தத் தொட்டு, நான் இல்லன்னு சத்தியம் பண்ணு. இதோட முடிச்சிருவோம்."

பிரிஜிட்டுக்கு உயிர் வந்தது. அந்தோணிராஜ் மறுப்பாகத் தலையை அசைத்தான். "வேணாம் உபதேசியாரே."

"ஏன்?"

"நான் இல்லன்னு சத்தியம் பண்ணினா, அன்னிக்கே வேற ஆளத் தேடுவாங்க. அந்த மண்ணு இன்னொரு வீட்டு மேல விழும். அவனும் செய்யாதவனா இருந்தா? இல்ல, செஞ்சவனாவே இருந்தா, அவனக் கொன்னுருவாங்க. இது என் மேல நிக்கட்டும். கட்டச் சொன்னவரு எப்ப அங்கியக் கழட்டணும்னு சொல்லுவாரு."

உபதேசியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார். பிரிஜிட் கும்பிடவில்லை. அவன் சத்தியம் பண்ணாவிட்டால் என்ன, நான் பண்ணுகிறேன் என்று மனசுக்குள் முடிவு கட்டினாள். அவன் பேருக்கு அவனுக்கு அக்கறை இல்லாமலிருக்கலாம். அவன் உயிர் அவளுக்கு வேண்டும்.

ஞாயிறு வந்தது. மலாக்காவிலிருந்து பிரெஞ்சுச் சாமியார் தூசி படிந்த அங்கியோடு வந்து பூசை வைத்தார். விஷயம் எப்படியோ கசிந்து, இந்துக்களும் கோயில் வாசலில் கூடியிருந்தார்கள். கோமளாவும் பிள்ளையோடு நின்றாள். பூசை முடிந்த கையோடு பிரிஜிட் எழுந்து விறுவிறுவென்று பீடத்துக்கு முன்னால் போனாள். அந்தோணிராஜ், "பிரிஜிட்" என்று மெல்லக் கூப்பிட்டான். அவள் திரும்பவில்லை. சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் கையை வைத்தாள்.

"என் புருசன் யாரையும் காட்டிக் குடுக்கல. இது பொய்யின்னா என் கை..."

"வேணாம் தங்கச்சி! சத்தியம் பண்ணாத!"

சவரிமுத்து. ஆண்கள் பக்கத்திலிருந்து தள்ளாடிக்கொண்டு வந்தார். கோணங்கி சவரிமுத்து என்று யாரும் சொல்ல முடியாது, முகம் அப்படி வற்றியிருந்தது. அந்தோணிராஜின் முன்னால் போய்க் குப்புற விழுந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான். கோணிப்பைக்குள்ள இருந்தது நான்தான். பசி தாங்காம கித்தா பால் வாளிக்குள்ள சோத்துப் பொட்டலம் ஒளிச்சுக் கொண்டுபோனேன். புடிச்சிட்டாங்க. காட்டுக்காரனுக்குத்தானே கொண்டுபோறே, ஜெயிலுக்குப் போறியா, இல்ல ஒருத்தனக் காட்டுறியான்னு கேட்டாங்க. ஆஸ்பத்திரின்னு சொன்னதெல்லாம் பொய். தனபாலன் வந்து நின்னப்போ பயத்துல தலை ஆடிப் போச்சு. அந்த மஞ்சள் அங்கியத் தொட என்னால முடியல. நீ எடுத்துப் போட்டுக்கிட்டே, அந்தோணி. நான் தப்பிச்சேன்னு நெனச்சேன். ஆனா நீ தினமும் தனியாக் காட்டுக்குள்ள போறதப் பாத்துட்டு வந்து என்னால சோறு திங்க முடியலடா."

அடுத்த கணம் வாசலில் நின்ற ஆண்கள் பாய்ந்தார்கள். அந்தோணிராஜ் குனிந்து சவரிமுத்துவைத் தூக்கித் தன் தோளோடு அணைத்துக்கொண்டான். அடிக்க ஓங்கிய கைகள் அவனைத் தாண்டித்தான் அவரைத் தொட வேண்டும். செய்யாத குற்றத்துக்கு அவனை ஒதுக்கி வைத்த கைகள் அவை. ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

கோமளா முன்னால் வந்தாள். அவள் கையில் மண் இருந்தது. வாசலிலேயே வாரியிருக்க வேண்டும்.

"போடும்மா," என்றான் அந்தோணிராஜ். "உனக்குப் பாத்தியம் உண்டு. ஆனா நான் நகர மாட்டேன். என் மேலயும் சேத்துப் போடு."

அவள் அவனையே பார்த்தாள். அன்று தான் தூற்றிய மண்ணைத் துடைக்காமல் மண்டியிட்டிருந்த முகம். அவள் விரல்கள் தளர்ந்தன, மண் அவள் காலடியிலேயே உதிர்ந்தது. "எனக்கு எம் புருசன் வேணும்," என்று அழுதாள். "இந்த ஆள போலீஸ்ல வந்து சொல்லச் சொல்லுங்கண்ணே. அது போதும்."

"சொல்றேம்மா," என்றார் சவரிமுத்து. "ஜெயிலுக்கே போனாலும் சொல்றேன்."

"நானும் கூட வர்றேன்," என்றான் அந்தோணிராஜ். சாமியாரும் தொண்டையைச் செருமிக்கொண்டு, தானும் வருவதாகத் தன் பிரெஞ்சுத் தமிழில் சொன்னார்.

தனபாலன் தீபாவளிக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்தான் என்பதை இங்கேயே சொல்லிவிடலாம்; இல்லாவிட்டால் கேட்கிறவர்கள் மனசு அங்கேயே நிற்கும். ஆனால் அன்று அது யாருக்கும் தெரியாது. அந்தோணிராஜ் சவரிமுத்துவைத் தாங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழி விட்டது. ஆனால் சவரிமுத்து கடந்த பக்கமெல்லாம் முகங்கள் திரும்பின. அதே முகங்கள். அதே திருப்பல். பழைய யூதாஸை இறக்கிவிட்டுப் புதிய யூதாஸை ஏற்றிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மணிக் கயிறு வாசலோரம் தொங்கியது. அந்தோணிராஜ் அங்கே நின்றான். "இவருக்கு மணி அடிக்க வேணாமா?" என்று கேட்டான். உபதேசியார் கூட்டத்தைப் பார்த்துத் தயங்கினார். வேறு யாரும் கை நீட்டவில்லை.

பிரிஜிட் பின்னால் வந்துகொண்டிருந்தாள். இந்தச் சவரிமுத்துவால் அவள் பட்டது கொஞ்சமா? குடத்தை ஒதுக்கியது, வேலிக் கதவில் நின்று செத்துச் செத்துப் பிழைத்தது, ஆறிப்போன காப்பி! அவரைத் தன் கையாலேயே கிழித்துப் போட வேண்டும்போல இருந்தது. அப்போது புருஷன் முகத்தைப் பார்த்தாள். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. அவன் மனசுக்குள் மஞ்சள் அங்கியை இன்னும் கழற்றவில்லை, அந்த மணிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. தான் ஊர் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு தைத்த வெள்ளை அங்கியை நினைத்தாள். யாருக்குத் தைத்தோமோ அவனுக்கு அது தேவைப்படவே இல்லை. இவனுக்கா நான் பெருமை தேடித் தரப் போனேன் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பூரிப்பாகவும் இருந்தது.

அவள் கயிற்றைப் பிடித்தாள். பலம் கொண்ட மட்டும் இழுத்தாள். மணி தோட்டம் முழுக்கக் கேட்டது.

சத்தம் அடங்கியதும் முதல் பேச்சை அவளே பேசினாள்.

"சவரி அண்ணே, வீட்டுக்கு வாங்க. காப்பி குடிச்சிட்டு அப்பறம் போலீசுக்குப் போவீங்களாம்."